விகாரை நிர்வாகக் குழுவுக்கு: பின்பக்க வனத்தில் இயந்திரத்தை நிறுத்துங்கள்

விகாரை நிர்வாகக் குழுத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும், வணக்கத்துக்குரிய நம் பிக்கு, பந்தே அவர்களுக்கும்,

"வளாக அழகுபடுத்தும் பணி, முதற்கட்டம் நிறைவு, இரண்டாம் கட்டம் விரைவில்" என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். முதற்கட்டத்தில் என்னென்ன போயின என்று அந்தத் தாளில் இல்லை. நானே எழுதிவிடுகிறேன். மேற்கு ஓரத்து நொச்சி வேலி போயிற்று. மூலிகைப் பாத்தி போயிற்று. ஆடுதின்னாப்பாளை படர்ந்திருந்த மூலை போயிற்று. பூக்கத் தொடங்கியிருந்த பாதிரி மரம் வேரோடு போயிற்று. எல்லாரும் வேலைக்குப் போயிருந்த ஒரு நாளின் காலையில் ஜேசிபி வந்து முடித்துவிட்டுப் போனது. இரண்டாம் கட்டத்தில் அத்தியும் வாகையும் வெட்டப்படும், தரை முழுக்க பேவர் பிளாக் போட்டு ஓரத்தில் கொரியப் புல் வைக்கப்படும், மதில் நெடுக கோனோகார்ப்பஸ் என்ற வெளிநாட்டு மரம் நடப்படும், நடுவில் பெரிய புத்தர் சிலை வரும் என்று ஒப்பந்தக்காரர் வாயிலிருந்து தெரிந்துகொண்டோம். உங்கள் வாயிலிருந்து அல்ல.

நேரில் கேட்டபோது "கமிட்டி முடிவு எடுத்தாச்சு" என்று ஒரே பதில்தான் கிடைத்தது. அதனால்தான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் நடத்துகிறவள். ஞாயிறு தம்ம வகுப்புப் பிள்ளைகளோடு அந்த வனத்தில் களை பிடுங்கி, தண்ணீர் ஊற்றி, கன்று நட்டவர்களில் ஒருத்தி. வனம் என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிக்கலாம், அரை ஏக்கர்கூட இருக்காது. ஆனால் பாலாற்றுப் பக்கம் வெயில் காலத்தில் நிழலில் உட்கார ஓர் இடம் தேடி அலைந்தவர்களுக்கு அது வனம்தான்.

குழுவில் உள்ள இளையவர்கள் சிலருக்கு அந்த வனம் எப்படி அமைந்தது என்று தெரியாமல் இருக்கலாம். கண்ட கன்றையெல்லாம் ஊன்றி வளர்த்த தோப்பு அல்ல அது. புத்தரின் போதனைத் தொகுப்பான தீக நிகாயத்தில் மகாபதான சுத்தம் என்ற போதனை ஏழு புத்தர்களைச் சொல்கிறது. ஒவ்வொருவரும் எந்த மரத்தடியில் ஞானம் அடைந்தார் என்றும் சொல்கிறது. விபஸ்ஸிக்குப் பாதிரி. சிகிக்குப் புண்டரீகம், அதை வெள்ளை மா என்று உரைகாரர் விளக்குகிறார். வெஸ்ஸபூவுக்குச் சால மரம். ககுசந்தருக்கு வாகை, கோணாகமனருக்கு அத்தி, கஸ்ஸபருக்கு ஆல், நம் கோதமருக்கு அரசு. ஏழில் ஐந்து மரங்கள் நம் ஊர்க் காட்டிலும் வயல் வரப்பிலும் தானாக முளைக்கிறவை. இதைப் பிள்ளைகளுக்குச் சொன்னபோது அவர்கள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். புத்தர் எங்கோ பீகாரில் இருந்தவர் என்று நினைத்திருந்த பிள்ளைகள், "டீச்சர், எங்க கொல்லையில வாகை இருக்கு" என்றார்கள். மாமரத்துக்கு ஊர் மாங்கன்று ஒன்று வைத்தோம். சால மரத்துக்கு மட்டும் இடத்தைக் காலியாக விட்டோம். அது வடக்கிலும் நடு இந்தியாவிலும் காடாக வளர்வது, நம் மண்ணுக்குரியது அல்ல. அதன் நெருங்கிய உறவுக்கார மரம் ஒன்று கிழக்குத் தொடர்ச்சி மலையில் உண்டு. அதன் விதை கிடைக்கிற வரை அந்தக் குழி வெறுமனே இருக்கட்டும் என்று மூத்தவர்கள் சொன்னார்கள், சரி என்று ஒப்புக்கொண்டோம்.

நீங்கள் பிடுங்கிப் போட்டது விபஸ்ஸி புத்தரின் பாதிரியை. அசோகர் அரியணை ஏறிய பாடலிபுத்திரமே பாதிரியின் பெயரால் அழைக்கப்பட்ட நகரம். நம் பக்கத்தில் கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரும் அந்த மரத்தால் பெயர் பெற்ற ஊர்தான். சைவர்கள் அங்கே அதைத் தல மரமாக வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார்கள். நாம் ஒரு காலைப்பொழுதில் தீர்த்துவிட்டோம்.

சால மரத்துக்கென்று விட்டிருந்த காலி இடத்துக்கு இப்போது ஒரு நாகலிங்கக் கன்று வந்திருக்கிறது, "சால மரம்" என்ற பலகையோடு. நாகலிங்கம் தென் அமெரிக்க மரம். 19-ம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்து, அங்குள்ள விகாரைகளில் சால மரம் என்ற பெயரிலேயே வளர்க்கப்பட்டு, அந்தக் குழப்பம் தாய்லாந்து வரை இருக்கிறது. அழகான மரம், மணமான பூ, எனக்கும் பிடிக்கும். ஆனால் லும்பினியில் புத்தரைப் பெற்றெடுத்தபோது தாய் மாயாதேவி பிடித்து நின்றது அதன் கிளை அல்ல. தவறான பலகையை என் மாணவர்கள் படித்துவிட்டு என்னிடம் வந்து கேட்கிறார்கள், நான் என்ன பதில் சொல்ல?

பந்தே, உங்களைத் தனியாக ஒன்று கேட்க வேண்டும், மன்னியுங்கள். பிக்குகளுக்கான விதித்தொகுப்பாகிய பாதிமொக்கத்தில், பாசித்தியம் என்ற வகை விதிகளில் 11-வது உயிருள்ள தாவரத்தை அழிப்பது பற்றியது. ஆளவி ஊரில் ஒரு பிக்கு மரம் வெட்டியதில் பிறந்த விதி அது. மரத்தில் குடியிருந்த தேவதை தன் பிள்ளையின் கை வெட்டுப்பட்டதைப் புத்தரிடம் வந்து முறையிட்டதாக, பிக்குகளின் ஒழுக்க நூலான விநயம் சொல்கிறது. அதற்கு முந்தைய 10-வது விதி மண்ணைத் தோண்டுவது பற்றியது. மழைக்காலத்தில் மூன்று மாதம் ஓரிடத்தில் தங்கும் வஸ்ஸ வழக்கம் எப்படி வந்தது? பசும்புல்லையும் சிறு உயிர்களையும் மிதித்துக்கொண்டு இவர்கள் திரிகிறார்களே என்று ஊர்மக்கள் குறை சொன்னதால் வந்தது. மக்கள் குறை சொன்னார்கள், புத்தர் கேட்டார், விதி வந்தது. விதி பிக்குகளுக்குத்தானே, ஒப்பந்தக்காரர் பிக்கு இல்லையே என்று குழுவில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்படிப் பார்த்தால் விகாரைக்குள் எந்த வேலையையும் கூலிக்கு ஆள் வைத்துச் செய்துகொள்ளலாம். சீலம் என்பது அப்படிப்பட்ட கணக்கா?

பாம்பு வருகிறது என்பது நீங்கள் சொல்லும் முதல் காரணம். இதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்னப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் பின்பக்கக் கழிவறைக்குப் போகிற தாய்மார்களின் பயம் நியாயமானது. ஆனால் பாம்பு எதற்கு வருகிறது? சமையல் கொட்டகைக்குப் பின்னால் குவித்து வைத்திருக்கும் விறகும் உடைந்த ஓடும் அதற்கு வீடு. அன்னதான அரிசி மூட்டைக்கு வரும் எலி அதற்கு உணவு. இரண்டும் வனத்தில் இல்லை, கொட்டகையில் இருக்கின்றன. விறகை மேடை கட்டி அதன்மேல் ஏற்றுங்கள், அரிசியை மூடி போட்ட டிரம்மில் வையுங்கள், கழிவறைப் பாதையை அகலமாக்கி விளக்குப் போடுங்கள். மரத்தை வெட்டினால் பாம்பு போகும், எலி மட்டும் இருக்கும் என்பது நடக்காத காரியம். இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. பாம்பு கடித்து ஒரு பிக்கு இறந்தபோது, நான்கு பாம்புக் குலங்களுக்கும் மைத்திரி என்ற அன்பைச் செலுத்தச் சொல்லித்தான் புத்தர் போதித்தார். "விரூபக்கேஹி மே மெத்தங்" என்று பௌர்ணமிதோறும் நாம் சேர்ந்து ஓதுவது பரித்தம் என்ற அந்தக் காப்புப் பாடலைத்தான். மாலையில் அதை ஓதிவிட்டு மறுநாள் ஜேசிபிக்கு முன்பணம் கொடுத்திருக்கிறோம்.

இரண்டாவது காரணம் சருகு. கூட்டி மாளவில்லை என்கிறீர்கள். உண்மைதான், அத்தியும் வாகையும் கொட்டுகிற காலத்தில் தினமும் கூட்ட வேண்டும். கூட்டிக்கொண்டிருந்தவர்கள் யார்? பின் தெரு ஆயாமார்களும் அக்காமார்களும். அவர்கள் ஒருநாளும் குறை சொன்னதில்லை. மரத்தடியில் குவித்து வைத்தால் மட்கி உரமாகும் என்று அவர்கள்தான் எனக்குச் சொல்லித் தந்தார்கள், பாடப்புத்தகம் அல்ல. இப்போது சருகை மதில் ஓரம் கொளுத்துகிறார்கள். அசோகரின் 5-வது தூண் சாசனம், உயிர்கள் உள்ள உமியைக் கொளுத்தக் கூடாது, காட்டைக் காரணமின்றி எரிக்கக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறது. 2-வது பாறைச் சாசனத்தில் சோழர், பாண்டியர் நாடுகளையும் பெயர் சொல்லி, மனிதருக்கும் விலங்குக்கும் மருந்தாகும் மூலிகைகள் இல்லாத இடங்களில் கொண்டுவந்து நடப்பட்டதாகச் சொல்கிறார். நம் முன்வாசலில் அசோகச் சக்கரம் பதித்த தூண் நிற்கிறது. அதற்குப் பின்னால் மூலிகைப் பாத்தி இருந்தது. தூணை வைத்துக்கொண்டு பாத்தியை எடுத்துவிட்டோம்.

அந்தப் பாத்தியைப் பற்றி இன்னும் கொஞ்சம். தமிழ்நாட்டில் பௌத்தத்தை மறுபடி எழுப்பிய பண்டிதர் அயோத்திதாசர் ஒரு சித்த மருத்துவர். 1898-ல் அவர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோது நம் முன்னோர் கையில் நிலம் இல்லை, பட்டம் இல்லை. மருந்தறிவு இருந்தது. அந்த அறிவின் மிச்சம்தான் நொச்சி வேலியும், ஆடாதொடையும், தூதுவளையும், கீழாநெல்லியும். சளி என்றால் நொச்சியை ஒடித்துப்போய் ஆவி பிடிப்பார்கள், தானியக் குதிரில் போட இரண்டு கொத்து எடுத்துப் போவார்கள். யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள், தலைவர் ஐயா. ஊர்க் கோயில் நந்தவனத்துக்குள் நம் பாட்டிமார்கள் கால் வைத்ததில்லை. ஊர்ப் பொது மரத்தில் புளி உலுக்கக்கூட அவர்களுக்கு அனுமதி இருந்ததில்லை. செங்கல்பட்டு ஆட்சியர் திரெமென்கீர் எழுதிய அறிக்கைக்குப் பிறகு 1892-ல் நம் தலித் மக்களுக்கென்று ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலம்கூட எங்கே போயிற்று என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறோம். நம் சனத்துக்குப் பொதுவாக, கேட்காமல் உள்ளே போய் ஓர் இலை கிள்ளிக்கொள்ள இருந்த ஒரே பச்சை இடம் இது. இதை நாமே பூட்டிப் புல்தரையாக்கி, "புல்லில் நடக்காதீர்" என்று பலகை வைக்கப்போகிறோமா?

அப்புறம் தண்ணீர். தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்த ஆற்றுப்படுகையின் நிலத்தடி நீர் கெட்டுப்போனதைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. நம் போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது என்பது உங்களுக்கும் தெரியும். குடிநீருக்கு கேன் வாங்குகிற விகாரை இது. கொரியப் புல்லுக்குத் தினமும் தண்ணீர் தெளிக்க வேண்டும், உப்புத் தண்ணீர் பட்டால் திட்டுத் திட்டாகக் கருகும், உடனே லாரித் தண்ணீர் வாங்குவீர்கள். புங்கையும் பூவரசும் வேம்பும் இந்த உப்பைத் தாங்கி நிற்கின்றன. வேர் பிடித்த பிறகு அவற்றுக்கு நாம் ஒரு வாளி ஊற்றியதில்லை.

கோனோகார்ப்பஸ் பற்றி நான் சொல்லவே தேவையில்லை. குஜராத் அரசு 2023-ல் அதை நடக்கூடாது என்று தடை போட்டது. நம் மாநில அரசும் 2025-ல் தடை ஆணை போட்டுவிட்டது. மகரந்தம் மூச்சுக்கு ஆகாது என்பதும், வேர் ஆழமாகப் போய் குழாய்களைக் கெடுக்கிறது என்பதும் காரணங்கள். அத்தி வேர் மதிலை விரிசல் விடுகிறது என்று சொல்லி அத்தியை வெட்டிவிட்டு, அதே மதிலோரம் இதை வைக்க யார் யோசனை சொன்னது?

அந்த அத்தியைப் பற்றி நீங்கள் நினைப்பதைவிட அதிகம் சொல்ல இருக்கிறது. அத்திக் காய்க்குள் ஒரு சின்னக் குளவி புகுந்து முட்டையிட்டால்தான் மகரந்தச் சேர்க்கை நடக்கும். ஒவ்வோர் அத்தி இனத்துக்கும் அதற்கென்றே ஆன குளவி உண்டு. நம் அத்தி அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாகக் காய்த்து, மற்ற மரங்கள் சும்மா நிற்கும் காலத்திலும் பழம் கொடுக்கிறது. குக்குறுவான், குயில், மைனா, இரவில் வௌவால் என்று எல்லாம் அதை நம்பி வருகின்றன. நம் மதில் இடுக்கில் தானாக முளைத்திருக்கும் அரசங்கன்றுகூட இந்தப் பறவைகள் போட்ட எச்சத்தில் வந்ததாகத்தான் இருக்கும். ஆடுதின்னாப்பாளை போன மூலையிலும் இதே கதைதான். சிவப்பு உடம்பும் கறுப்பு இறக்கையுமான அந்த வண்ணத்துப்பூச்சி ஆடுதின்னாப்பாளைக் குடும்பத்துக் கொடிகளில் மட்டுமே முட்டையிடும். வேறு செடி எத்தனை அழகாக வைத்தாலும் அதற்கு உதவாது. தியான நேரத்தில் ஒரு பிள்ளையின் தோளில் அது உட்கார்ந்து, மற்ற பிள்ளைகள் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டிருந்ததைப் பந்தேவே ஒரு போதனையில் சொன்னதுண்டு.

சிலை வேண்டாம் என்று நாங்கள் யாரும் சொல்லவில்லை. தாய்லாந்து உபாசகர்கள் மனமுவந்து தருகிறார்கள், அந்தத் தானத்தை மதிக்கிறோம். அவர்கள் வந்து பார்க்கும்போது இடம் "நீட்டாக" இருக்க வேண்டும் என்பது உங்கள் கவலை. ஆனால் அவர்கள் நாட்டிலேயே பிக்குகள் 1980-களின் இறுதியிலிருந்து மரத்துக்குக் காவி உடுத்தி, தீட்சை கொடுத்ததுபோல் சடங்கு செய்து, காட்டை வெட்டவிடாமல் காத்து வருகிறார்கள். பக்கத்துக் கம்போடியாவில் ஒட்டார் மீன்சே மாகாணத்தில் பிக்குகள் 18,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட காட்டைக் காவல் காக்கிறார்கள். 2010-ல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஈக்குவேட்டர் பரிசு அவர்களுக்குக் கிடைத்தது. அந்த விருந்தினர்களைக் கூட்டிவந்து, "இது ககுசந்தரின் வாகை, இது கோணாகமனரின் அத்தி" என்று காட்டினால் முகம் சுளிப்பார்கள் என்றா நினைக்கிறீர்கள்? என் ஊகம், டைல்ஸ் தரையைவிட அவர்கள் அதன்முன்தான் அதிக நேரம் நிற்பார்கள். சோலை வைப்பவருக்கும் கிணறு வெட்டுபவருக்கும் பகலும் இரவும் புண்ணியம் வளர்கிறது என்று சம்யுத்த நிகாயம் என்ற இன்னொரு போதனைத் தொகுப்பில் ஒரு சின்ன சுத்தம் இருக்கிறது. தானம் தருபவர்களுக்கு அதைப் படித்துக் காட்டுங்கள்.

எனக்கு மரம் போனதைவிட அதிகமாக வலித்தது முடிவு எடுக்கப்பட்ட விதம். சங்கத்தில் ஒரு காரியம் தீர்மானமாக வேண்டுமென்றால் முதலில் தெரிவித்து, பெரிய காரியமென்றால் மூன்று முறை அறிவித்து, உடன்படாதவர் பேசலாம் என்று கேட்பது விநய முறை. 2,500 ஆண்டுப் பழைய நடைமுறை அது. இங்கே வனத்தைக் கூட்டிய பெண்களில் ஒருவர்கூடக் குழுவில் இல்லை. தண்ணீர் ஊற்றிய பிள்ளைகளிடம் யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாதிரி கிடந்த இடத்தைப் பார்த்துவிட்டு அவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே எழுதவில்லை. நீங்களே ஞாயிறு வகுப்புக்கு வந்து கேட்டுக்கொள்ளுங்கள்.

கேட்பது இவைதான். இரண்டாம் கட்ட வேலையை இன்றே நிறுத்தி, நிறுத்தியதை அதே அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டுங்கள். வரும் பௌர்ணமியன்று பூஜை முடிந்ததும் பொதுக்கூட்டம் வையுங்கள். பின் தெருப் பெண்கள் வேலை முடிந்து வர வசதியாக மாலை 6 மணிக்குப் பிறகு வையுங்கள், பகலில் வேண்டாம். அதில் வரைபடத்தையும் ஒப்பந்தத்தையும் செலவுக் கணக்கையும் எல்லாரும் பார்க்கும்படி வையுங்கள். சிலையை முன்வாசல் சிமென்ட் முற்றத்தில் நிறுவுவது பற்றி முதலில் பேசுவோம், அங்கே எந்த மரமும் போக வேண்டியதில்லை. கோனோகார்ப்பஸை முற்றாகக் கைவிடுங்கள், வாங்கியிருந்தால் திருப்பி அனுப்புங்கள். மதிலோரம் மறுபடி நொச்சியே போகட்டும், போத்து நட்டால் வந்துவிடும், செலவே இல்லை. மூலிகைப் பாத்தியின் இடத்தில் கல் பரப்பாதீர்கள், மீண்டும் நட எங்களிடம் ஆள் இருக்கிறது. மதில் விரிசலுக்கு ஒரு கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு, அப்புறம் அத்தியைப் பற்றி முடிவெடுங்கள். சருகு கொளுத்துவதை நிறுத்துங்கள். நாகலிங்கக் கன்று இருந்துவிட்டுப் போகட்டும், பலகையை மட்டும் மாற்றுங்கள். நிர்வாகக் குழுவில் வனத்தைப் பார்த்துக்கொள்ளும் பெண்களில் இருவருக்காவது இடம் கொடுங்கள். பந்தே, அன்றைய கூட்டத்தில் 11-வது பாசித்தியத்தை நீங்களே எடுத்து விளக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

பதிலைத் தனியாக எனக்கு அனுப்ப வேண்டாம். பலகையில் ஒட்டினால் போதும், எல்லாரும் படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஞாயிறு தம்ம வகுப்பு ஆசிரியை, விகாரை உறுப்பினர்